பழைய கிரேக்கர்கள் வரலாற்றுக்குள் நீதியை எங்கே வைத்தார்கள்?

"வலிமை உள்ளவர்கள் தங்களால் முடிந்ததைச் செய்கிறார்கள், வலிமை இல்லாதவர்கள் பட வேண்டியதைப் படுகிறார்கள்." இந்த வாசகத்தை ஒரு பளிங்குச் சிலையின் படத்தோடு, கீழே தூசிடிடீஸ் என்று பெயர் போட்டு, நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். உலகத்தில் ஏதாவது ஒரு மூலையில் போர் மூண்டால் போதும், இது மறுபடி சுற்றுக்கு வந்துவிடும். "பார்த்தீர்களா, 2,400 வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார், உலகம் இப்படித்தான்" என்று ஒரு விளக்கமும் கூட வரும்.

பழைய கிரேக்க வரலாற்றாசிரியரான அவர் அப்படிச் சொல்லவில்லை. அவருடைய நூலில், மெலோஸ் என்ற சின்னத் தீவைப் பணிய வைக்கப் போன ஏதென்ஸ் தூதர்கள் பேசும் பேச்சு அது. சினிமாவில் வில்லன் பேசுகிற வசனத்தை எடுத்து, இதுதான் இயக்குநரின் கொள்கை என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதேதான் இங்கே நடக்கிறது. அந்தத் தூதர்களின் ஊருக்கு அடுத்த மூன்று வருஷத்துக்குள் என்ன ஆனது என்று அவர் எழுதிய பக்கங்களை யாரும் படமாகப் போட்டுப் பகிர்வதில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு. "கிரேக்க வரலாறு என்றால் ஆணவம் பிடித்தவன் அழிந்தான் என்கிற கதைதானே, அதில் வரலாறு எங்கே இருக்கிறது?" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது. முதல் தவறு நீதியே இல்லை என்கிறது, இரண்டாவது நீதி மட்டும்தான் இருக்கிறது என்கிறது. இந்த எழுத்தாளர்கள் நிஜமாகச் செய்த வேலை இந்த இரண்டிலும் அடங்காது. அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கிரேக்கம் தெரியாத, இந்த நூல்களை இதுவரை தொட்டுப் பார்க்காத ஒருவருக்கும் புரியும்படி சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன்.

திண்ணைப் பேச்சும் பள்ளிப் பாடமும்

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த கதைகளின் கடைசியில் ஒரு வரி இருக்கும்: "இதனால் அறியப்படும் நீதி யாதெனில்..." கதை ஒரு பக்கம், நீதி ஒரு பக்கம். கதை மறந்துபோனாலும் நீதியை மட்டும் எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம்.

இப்போது வேறு ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஊரில் ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். "அண்ணனும் தம்பியும் வரப்புத் தகராறுல கோர்ட்டுக்குப் போனாங்க. பதினாறு வருஷம் நடந்துச்சு. அண்ணன் ஜெயிச்சான். தீர்ப்பு வந்த அன்னைக்கு வக்கீல் பீஸுக்கு அந்த நிலத்தைத்தான் வித்தான்." அவ்வளவுதான். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்கிறார். யாரும் அவரிடம் "அப்போ நீதி என்னய்யா?" என்று கேட்பதில்லை. எதைச் சொன்னார், எதை விட்டார், எதை எதற்கு அடுத்ததாக வைத்தார் என்பதிலேயே எல்லாம் இருக்கிறது. கேட்டவர்களில் ஒருவர் "கோர்ட்டுக்கே போகக் கூடாது" என்று எடுத்துக்கொள்வார். இன்னொருவர் "தம்பியோடு பேசித் தீர்த்திருக்கலாம்" என்பார். ஜெயிப்பது என்றால் என்ன என்று யோசித்துக்கொண்டே ஒருவர் வீட்டுக்குப் போவார்.

கிரேக்க வரலாற்றாசிரியர்களில் முதல் இருவர், ஹெரோடோட்டஸும் தூசிடிடீஸும், பெரும்பாலும் திண்ணைப் பெரியவரின் முறையைத்தான் கையாண்டார்கள். பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளிப் பாடத்தின் பக்கம் நகர்ந்தார்கள். நமக்கு இன்று வரும் குழப்பத்தில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து பார்ப்பதால் வருகிறது.

ஹிஸ்டோரியே என்றால் விசாரிப்பது

வரலாற்றுக்கு ஆங்கிலத்தில் உள்ள ஹிஸ்டரி என்ற சொல், ஹிஸ்டோரியே என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் பொருள் விசாரணை. போய்ப் பார்த்து, நாலு பேரைக் கேட்டு, அறிந்துகொள்வது. ஹெரோடோட்டஸ் இந்தச் சொல்லைத் தன் நூலின் முதல் வாக்கியத்திலேயே வைத்தார். அவர் பிறந்தது ஹாலிகார்னாசஸில், இன்றைய துருக்கியில் போட்ரும் என்று அழைக்கப்படும் கடற்கரை ஊர். காலம் கி.மு. 5ஆம் நூற்றாண்டு. பாரசீகப் பேரரசுக்கும் கிரேக்க நகரங்களுக்கும் நடந்த போர்தான் அவருடைய கதையின் முதுகெலும்பு.

மனிதர்கள் செய்தவை காலத்தால் மங்கிவிடக் கூடாது, கிரேக்கர்களும் மற்றவர்களும் செய்த பெரிய காரியங்கள் புகழ் இல்லாமல் போய்விடக் கூடாது, அவர்கள் எந்தக் காரணத்தால் ஒருவரோடு ஒருவர் மோதினார்கள் என்பதும் தெரிய வேண்டும். தான் எழுதுவதற்கு அவர் தரும் காரணம் இவ்வளவுதான். உங்களுக்கு நல்ல புத்தி புகட்டப் போகிறேன் என்ற பேச்சே அதில் இல்லை. ஆனால் சில பக்கங்கள் தள்ளி ஒன்று சொல்கிறார்: சின்ன ஊர், பெரிய ஊர் இரண்டையும் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டு போவேன், ஏனென்றால் முன்பு பெரியவையாக இருந்த பல ஊர்கள் இப்போது சிறுத்துவிட்டன, என் காலத்தில் பெரியவை முன்பு சிறியவையாக இருந்தன, மனிதனின் நல்வாழ்வு ஓரிடத்தில் நிற்பதில்லை என்று எனக்குத் தெரியும் என்கிறார். எதை எழுதுவது என்ற தேர்வையே இந்த எண்ணம் தீர்மானித்துவிடுகிறது. அவருடைய நீதி இந்தத் தேர்விலேயே தொடங்கிவிடுகிறது.

குரோசஸ்: ஒரு கதையை அருகில் வைத்துப் பார்ப்போம்

ஹெரோடோட்டஸின் நூலில் முதலில் வரும் பெரிய கதை லிடியா நாட்டு அரசன் குரோசஸுடையது. தலைநகர் சார்டிஸ், இதுவும் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி. கணக்கில்லாத பணக்காரன். ஏதென்ஸுக்குச் சட்டம் எழுதிக் கொடுத்த சோலோன் அவனிடம் வருகிறார். குரோசஸ் ஆட்களை விட்டுத் தன் கருவூலங்களை எல்லாம் காட்டச் சொல்லிவிட்டுக் கேட்கிறான்: நீ பார்த்ததிலேயே பாக்கியசாலி யார்?

தன் பெயர் வரும் என்று காத்திருக்கிறான். சோலோன் சொல்லும் பெயர் டெல்லஸ். யாரும் கேள்விப்படாத ஒரு ஏதென்ஸ்காரர். நல்ல பிள்ளைகள், பேரப்பிள்ளைகளையும் பார்த்தார், ஊருக்காகச் சண்டையிட்டு விழுந்தார், விழுந்த இடத்திலேயே ஊர்ச் செலவில் அடக்கம் செய்தார்கள். சரி, இரண்டாவது யார்? ஆர்கோஸ் ஊரின் இரண்டு சகோதரர்கள். அம்மாவைக் கோவில் திருவிழாவுக்கு அழைத்துப்போக மாடுகள் நேரத்துக்கு வந்து சேராததால், தாங்களே நுகத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சுமார் 8 கிலோமீட்டர் வண்டி இழுத்தார்கள். அம்மா அவர்களுக்கு நல்லது கேட்டு வேண்டிக்கொண்டாள். அன்று கோவிலில் படுத்துத் தூங்கியவர்கள் எழவே இல்லை.

குரோசஸுக்குக் கோபம் வருகிறது. சோலோன் பொறுமையாகக் கணக்குப் போடுகிறார்: ஒரு மனிதனுக்கு 70 வயது என்று வைத்துக்கொண்டால், இடையில் சேர்க்கும் மாதங்களையும் கூட்டினால் 26,250 நாட்கள், அதில் ஒரு நாள் கொண்டுவருவதை இன்னொரு நாள் கொண்டுவராது, அதனால் ஒருவன் முடிவைப் பார்க்கும் முன் அவனைப் பாக்கியசாலி என்று சொல்லாதே, அதிர்ஷ்டசாலி என்று வேண்டுமானால் சொல். இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். தத்துவம் பேச வந்தவர் நாட்களை எண்ணிக் காட்டுகிறார்!

அதன் பிறகு எல்லாம் சரிகிறது. குரோசஸின் மகன் பன்றி வேட்டையில் சாகிறான். ஈட்டியைக் குறி தவறி எறிந்தவன், கொலைப் பழியோடு வந்தபோது குரோசஸே பரிகாரம் செய்து வீட்டில் சேர்த்துக்கொண்ட ஒரு மனிதன். பாரசீகத்தின் மேல் படையெடுக்கலாமா என்று குரோசஸ் டெல்பி கோவிலில் குறி கேட்கிறான். எடுத்தால் ஒரு பேரரசு அழியும் என்று பதில் வருகிறது. எந்தப் பேரரசு என்று அவன் திருப்பிக் கேட்கவில்லை. கி.மு. 546 வாக்கில் சார்டிஸ் விழுகிறது. பாரசீக அரசன் சைரஸ் அவனை விறகுக் குவியல் மேல் ஏற்றித் தீ வைக்கச் சொல்கிறான். அங்கே நின்றுகொண்டு குரோசஸ் மூன்று முறை ஒரு பெயரைச் சொல்கிறான்: சோலோன்.

இதுவரை படித்தால் நேரான நீதிக்கதைதான். "பார், ஆணவம் அழிந்தது" என்று மூடி வைத்துவிடலாம். ஹெரோடோட்டஸ் மூட விடுவதில்லை. குரோசஸ் ஏன் விழுந்தான் என்பதற்கு அவர் ஒரே காரணம் சொல்வதில்லை. தன்னையே உலகத்தில் பாக்கியசாலி என்று நினைத்ததால் இருக்கலாம் என்று ஓரிடத்தில் ஊகிக்கிறார், ஊகம் என்றே சொல்கிறார். குறியைத் தப்பாகப் புரிந்துகொண்டான் என்பது இன்னொரு காரணம். அவனுக்கு ஐந்து தலைமுறை முன்னால் இருந்தவன் தன் எஜமானனைக் கொன்று அரியணை ஏறினான், அந்தப் பழி இவன் தலையில் விடிந்தது என்று டெல்பியிலிருந்து வரும் விளக்கம் மூன்றாவது. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, எதை எடுப்பது என்பதை நம்மிடம் விட்டுவிடுகிறார்.

இன்னும் ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் யாரும் கவனிக்காதது. சைரஸ் அவனைக் கொல்லாமல் தன்னோடு வைத்துக்கொள்கிறான், குரோசஸ் ஆலோசகன் ஆகிறான். பல பக்கங்களுக்குப் பிறகு சைரஸ், டோமிரிஸ் என்ற ராணி ஆளும் மசாகெட்டே மக்கள் மேல் படையெடுக்கிறான். அப்போது குரோசஸ், என் துன்பங்களே எனக்குப் பாடங்களாயின, மனிதர் காரியங்கள் ஒரு சக்கரம், அது சுற்றும்போது ஒருவரையே எப்போதும் உயரத்தில் வைத்திருக்காது என்று அழகாகச் சொல்லிவிட்டு, ஆலோசனை ஒன்று கொடுக்கிறான்: ஆற்றைக் கடந்து அவள் மண்ணிலேயே போய்ச் சண்டையிடு. சைரஸ் அதைக் கேட்கிறான், போகிறான், சாகிறான். பட்டுத் தெரிந்துகொண்டவனின் ஆலோசனைதான் சைரஸைச் சாவுக்கு அனுப்புகிறது. பாடம் கற்றவன் பிறகு தவறே செய்ய மாட்டான் என்ற நம் நிம்மதியையும் ஹெரோடோட்டஸ் பறித்துவிடுகிறார். ஒற்றை வரி நீதிக்குள் இதை எப்படி அடைப்பது?

இந்தச் சந்திப்பு நிஜமாக நடந்ததா என்று கேட்பீர்கள். சந்தேகம்தான். சோலோன் ஏதென்ஸில் பதவியில் இருந்தது கி.மு. 594இல், குரோசஸ் அரசனானது கி.மு. 560 வாக்கில், தேதிகள் சரியாக ஒட்டவில்லை. இந்தச் சந்தேகம் பழங்காலத்திலேயே எழுந்தது. பல நூற்றாண்டுகள் கழித்து எழுதிய புளூட்டார்க்குக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும், இவ்வளவு பேர் சாட்சி சொல்லும், சோலோனின் குணத்துக்கு இவ்வளவு பொருந்தும் ஒரு கதையைக் காலக்கணக்கைக் காட்டி விட்டுவிட மாட்டேன் என்று சொல்லியே எழுதினார்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: ஹெரோடோட்டஸில் பாடம் கதையின் கடைசியில் இருக்காது. எச்சரிக்கும் ஒருவர், அதைக் கேட்காத ஒருவர், பல பக்கங்கள் தள்ளி அந்த எச்சரிக்கையின் எதிரொலி, இவற்றுக்கு நடுவில் இருக்கும்.

ஹூப்ரிஸ் என்பது வெறும் ஆணவமா?

இந்தப் பேச்சில் அதிகம் அடிபடும் சொல் ஹூப்ரிஸ். ஆணவம், தலைக்கனம் என்று மொழிபெயர்த்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். மனதுக்குள் "நான்தான் பெரியவன்" என்று ஒருவன் நினைத்துக்கொண்டிருந்தால் மட்டும் அது ஹூப்ரிஸ் ஆகிவிடாது. இன்னொருவரை அவமானப்படுத்த வேண்டும், அதில் தனக்கு ஒரு சுகம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே செய்யும் காரியம், அதுதான் ஹூப்ரிஸ். அரிஸ்டாட்டில் ஏறத்தாழ இப்படித்தான் விளக்குகிறார். ஏதென்ஸில் இது வழக்குப் போடக்கூடிய குற்றம். கி.மு. 348இல் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே மெய்டியஸ் என்பவர், பேச்சாளரான டெமோஸ்தனீஸின் முகத்தில் அறைந்தார். அதைப் பற்றி எழுதிய உரையில் டெமோஸ்தனீஸ், அடி வலித்ததை விட அதில் இருந்த இழிவுதான் தாங்க முடியாதது என்கிறார். சபையில் வைத்து ஒருவனைக் கன்னத்தில் அறைவதற்கும் தனியறையில் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்கும் தெரியாததல்ல.

இதை மனதில் வைத்துக்கொண்டு பாரசீக அரசன் செர்க்ஸீஸைப் பாருங்கள். கிரேக்கத்துக்குப் போகும் வழியில் ஹெல்லஸ்பாண்ட் நீரிணையில் கட்டிய பாலத்தைப் புயல் உடைத்தபோது, கடலுக்கு 300 சாட்டையடி கொடுக்கச் சொன்னான் என்ற கதை பலருக்குத் தெரியும். அதை விட என்னை உலுக்கியது பிதியஸ் என்ற கிழவரின் கதை. அவர் செர்க்ஸீஸின் மொத்தப் படைக்கும் விருந்து வைத்தவர். போர்ச் செலவுக்குத் தன் சொத்து முழுவதையும் தருகிறேன் என்றவர். அவரிடம் 39,93,000 பொற்காசுகள் இருந்தன. செர்க்ஸீஸ் மகிழ்ந்துபோய், அதை வாங்காமல், தன் கையிலிருந்து 7,000 காசு போட்டு 40 லட்சமாக்கிக் கொடுத்தான். பிறகு ஒருநாள் கிழவர் ஒன்று கேட்டார்: என் ஐந்து பிள்ளைகளும் உங்கள் படையில் வருகிறார்கள், மூத்தவனை மட்டும் எனக்குத் துணையாக விட்டுவிட்டுப் போங்கள். செர்க்ஸீஸ் அந்த மூத்தவனை இரண்டாக வெட்டச் சொன்னான். ஒரு பாதியைச் சாலையின் வலப்பக்கமும் மறு பாதியை இடப்பக்கமும் வைத்து, நடுவில் படையை நடக்கச் சொன்னான்.

அதற்கு அடுத்து ஹெரோடோட்டஸ் என்ன எழுதுகிறார் தெரியுமா? அப்படியே செய்தார்கள், படை அந்த வழியாகப் போனது. அவ்வளவுதான். "கொடுங்கோலன்" என்று ஒரு வார்த்தை இல்லை. 7,000 காசின் கணக்கை முன்னால் சொல்லி, இதைப் பின்னால் வைத்தாரே, அதுவே போதும் என்று விட்டுவிட்டார்.

தூசிடிடீஸ்: வைத்தியரின் குறிப்பேடு

தூசிடிடீஸ் ஏதென்ஸ்காரர், தளபதியாக இருந்தவர். கி.மு. 424இல் ஆம்ஃபிபோலிஸ் என்ற ஊரைக் காப்பாற்ற முடியாமல் போனதால் 20 வருஷம் ஊரை விட்டு விலகி இருக்க நேர்ந்தது. ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் கி.மு. 431இலிருந்து 404 வரை நடந்த போரைப் பற்றி எழுதினார். என் நூலில் கட்டுக்கதை இல்லாததால் கேட்பதற்கு அவ்வளவு சுவையாக இருக்காது, ஆனால் மனித இயல்பு இப்படியே இருக்கும் வரை இதே மாதிரி காரியங்கள் மறுபடி நடக்கும், அதைத் தெளிவாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இது பயன்பட்டால் போதும் என்கிறார். எக்காலத்துக்கும் உரிய சொத்து என்று தன் நூலைச் சொல்கிறார்.

இதைப் படித்துவிட்டு, "இவர் அறிவியல்காரர், இவரிடம் நீதி எதுவும் கிடையாது" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. பயன் என்று அவர் எதைச் சொல்கிறார் என்று புரிய, கி.மு. 430இல் ஏதென்ஸில் பரவிய கொள்ளைநோயை அவர் எழுதிய விதத்தைப் பாருங்கள். அவருக்கே அந்த நோய் வந்து பிழைத்தார். எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்பதை மற்றவர்கள் சொல்லட்டும், அது எப்படி இருந்தது என்று நான் எழுதுகிறேன், மறுபடி வந்தால் அடையாளம் தெரியட்டும் என்கிறார். தலையில் சூடு, கண் சிவப்பு, தொண்டை, இருமல் என்று வரிசையாகக் குறித்துக்கொண்டே போகிறார். மருந்து சொல்லவில்லை. அறிகுறிகளைச் சொன்னார். அவருடைய மொத்த நூலும் இப்படித்தான். அரசியலுக்கும் போருக்கும் அறிகுறி எழுதிவைக்கும் குறிப்பேடு.

அதில் ஒரு அறிகுறி ஸ்டாசிஸ், அதாவது ஒரே ஊர் இரண்டு கட்சியாகப் பிளந்து அடித்துக்கொள்வது. கி.மு. 427இல் கோர்சைரா தீவில் அது வந்தபோது சொற்களுக்கே பொருள் மாறிப்போனது என்று எழுதுகிறார். கண்மூடித்தனமான துணிச்சலுக்கு வீரம் என்று பெயர் வந்தது, யோசித்துச் செய்வது கோழைத்தனம் ஆனது, நிதானம் என்பது ஆண்மையின்மைக்கான சாக்காகிவிட்டது. போர் ஒரு முரட்டு வாத்தியார் என்று அங்கே ஒரு வரி வருகிறது. இதைப் படித்துவிட்டு யாராவது இவருக்கு நல்லது கெட்டதில் அக்கறை இல்லை என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவர் பயன்படுத்தும் முக்கியக் கருவி, எதை எதற்கு அடுத்து வைப்பது என்பது. ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸ் அந்த ஊரின் பெருமையை எல்லாம் சொல்லி ஆற்றும் புகழ்பெற்ற இரங்கல் உரை முடிகிறது. சில வரிகளில் கொள்ளைநோய் வந்துவிடுகிறது, சட்டத்துக்கும் தெய்வத்துக்கும் அஞ்சுவதை நிறுத்திவிட்ட அதே மக்கள் வருகிறார்கள்.

பேச்சுகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாரும் குறிப்பெடுக்காத காலம். கேட்டதை வார்த்தைக்கு வார்த்தை நினைவில் வைப்பது கடினமாக இருந்தது, அதனால் பேசியதன் மொத்தக் கருத்தை ஒட்டி, அந்தந்த நேரத்துக்கு என்ன பேச வேண்டியிருந்ததோ அதை எழுதினேன் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஆகவே நூலில் யார் என்ன பேசினாலும் அது அந்த ஆளின் வாதம், ஆசிரியரின் கருத்து என்று எடுத்துவிடக் கூடாது.

மிட்டிலீனியும் மெலோஸும்

கி.மு. 427இல் லெஸ்போஸ் தீவின் மிட்டிலீனி நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளம்பித் தோற்றது. வயது வந்த ஆண்கள் எல்லோரையும் கொல்வது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமையாக விற்பது என்று ஏதென்ஸ் மக்கள் சபை முடிவெடுத்து, உத்தரவோடு ஒரு கப்பலையும் அனுப்பிவிட்டது. மறுநாள் மனம் உறுத்தியது. சபை மறுபடி கூடியது. கிளியோன் முதல் முடிவே இருக்கட்டும் என்றார். எதிர்த்துப் பேசிய டயோடோட்டஸ், இரக்கம் காட்டுங்கள் என்று கேட்கவில்லை, அவர்களைக் கொல்வது நமக்கு லாபமா என்று கேட்டார். கொஞ்சம் ஓட்டு வித்தியாசத்தில் முடிவு மாறியது.

இரண்டாவது கப்பல் கிளம்பியபோது முதல் கப்பல் ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் முன்னால் போய்விட்டிருந்தது. ஏதென்ஸில் இருந்த மிட்டிலீனித் தூதர்கள் துடுப்பு வலிப்பவர்களுக்கு மதுவும் வாற்கோதுமை மாவும் கொடுத்து, முதலில் போய்ச் சேர்ந்தால் பெரிய வெகுமதி என்றார்கள். அவர்கள் துடுப்பை விடாமலேயே, மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த அந்த மாவைத் தின்றுகொண்டு, முறைவைத்துத் தூங்கி, ஓட்டிக்கொண்டே போனார்கள். எதிர்க்காற்று இல்லை. முதல் கப்பலோ இப்படி ஒரு காரியத்துக்குப் போகிறோமே என்று அவசரப்படாமல் போய்க்கொண்டிருந்தது. அங்கே தளபதி உத்தரவைப் படித்து முடித்து நிறைவேற்றப் போகிற நேரத்தில் இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது. அந்தப் பிசைந்த மாவை அவர் ஏன் எழுதினார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு சபை அவசரத்தில் கை தூக்கியதைத் திருத்த, யாரோ ஒருவர் தூக்கம் விட்டுத் துடுப்பு போட வேண்டியிருக்கிறது.

பதினொரு வருஷம் கழித்து, கி.மு. 416இல் மெலோஸ். ஸ்பார்ட்டா வழிவந்த மக்கள், போரில் ஒதுங்கி இருந்தவர்கள். ஏதென்ஸ் தூதர்கள் அந்த வாசகத்தைச் சொல்வது இங்கேதான். நியாயத்தைப் பற்றிப் பேச வேண்டாம், அது சமபலம் உள்ளவர்களுக்கு நடுவில்தான் என்கிறார்கள். மெலோஸ்காரர்கள் எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது என்றபோது, நம்பிக்கை என்பது ஆபத்தில் இருப்பவனை ஏமாற்றும் சமாச்சாரம் என்று தள்ளிவிடுகிறார்கள். முற்றுகைக்குப் பின் மெலோஸ் சரணடைந்தது. கையில் கிடைத்த வயது வந்த ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் குழந்தைகளையும் விற்றார்கள், பிறகு 500 பேரை அங்கே குடியேற்றினார்கள். இந்த முறை இரண்டாவது கப்பல் எதுவும் வரவில்லை.

அடுத்த வாக்கியம்: அதே குளிர்காலத்தில் ஏதென்ஸ் மக்கள் சிசிலியைப் பிடிக்க ஆசைப்பட்டார்கள், அந்தத் தீவு எவ்வளவு பெரியது என்று அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. படை போனது கி.மு. 415இல். 413இல் பின்வாங்க வேண்டிய நேரத்தில் சந்திர கிரகணம் வந்தது, குறி சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்டுத் தளபதி நிசியாஸ் 27 நாள் காத்திருக்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார், தப்பிக்கும் வழி அடைபட்டுப்போனது. களைத்துப்போன படையிடம் அவர் கடைசியில் பேசும் வார்த்தை என்ன? நம்பிக்கையோடு இருங்கள் என்பதுதான். மெலோஸில் ஏளனம் செய்யப்பட்ட அதே நம்பிக்கை. பிடிபட்ட 7,000 பேருக்குக் குறையாதவர்களைச் சைராகுஸ் நகரத்தின் கல்குவாரிகளில் அடைத்தார்கள். பகலில் வெயில், இரவில் குளிர், பக்கத்திலேயே பிணங்கள். எட்டு மாதம், ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் லிட்டர் அளவு தண்ணீரும் கொஞ்சம் தானியமும். போனவர்களில் சிலரே வீடு திரும்பினார்கள்.

மெலோஸில் செய்ததற்குத் தண்டனைதான் சிசிலி என்று தூசிடிடீஸ் எங்கேயும் எழுதவில்லை. தெய்வம் நின்று கொன்றது என்றும் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் வைத்தார். பலத்தைத் தவிர வேறு எதையும் கணக்கில் எடுக்காத ஒரு கூட்டம் தன் பலத்தையே தப்பாகக் கணக்கிட்டது என்று நான் படிக்கிறேன். நீங்கள் வேறு மாதிரி படிக்கலாம். அந்தத் தூதர்களின் வாசகத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் இரண்டு மாதிரியும் படிக்க முடியாது.

சுருக்கம்: தூசிடிடீஸ் தீர்ப்புச் சொல்வது அபூர்வம். அறிகுறிகளைக் காட்டுவார், இரண்டு காட்சிகளை ஒட்டிவைப்பார், எதிரெதிர்ப் பேச்சுகளை அவரவர் வாயால் பேச விடுவார்.

பாலிபியஸ் வாய்விட்டுச் சொல்கிறார்

இடையில் செனபோன் வருகிறார், அவரை வேகமாகக் கடந்துவிடலாம். ஸ்பார்ட்டா, கொடுத்த சத்தியத்தை மீறித் தீப்ஸ் நகரக் கோட்டையை கி.மு. 382இல் பிடித்துக்கொண்டது. அதற்காகவே, தாங்கள் அநியாயம் செய்த அந்த மக்கள் கையாலேயே அடிபட்டார்கள், தெய்வங்கள் இப்படிப்பட்டதைக் கவனிக்காமல் விடுவதில்லை என்று அவர் நேரடியாக எழுதிவிட்டார். தூசிடிடீஸ் சொல்லாமல் விட்டதை இவர் சொல்லிவிட்டார்.

பாலிபியஸ் தெற்குக் கிரேக்கத்து மெகலோபோலிஸ்காரர். கி.மு. 167இல் ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட 1,000 பேரில் ஒருவர், கிட்டத்தட்ட 17 வருஷம் அங்கே இருந்தார். தன் நாட்டை வென்றவர்கள் எப்படி இவ்வளவு பெரியவர்களானார்கள் என்று அவர்கள் ஊரிலேயே உட்கார்ந்து 40 நூல்களில் எழுதினார், முழுசாக நம் கைக்கு வந்தவை முதல் 5 மட்டும்.

வரலாறு பாடம் சொல்லத்தான் என்று இவர் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். திருந்துவதற்கு மனிதனுக்கு இரண்டு வழி, தானே பட்டுத் தெரிந்துகொள்வது ஒன்று, அடுத்தவன் பட்டதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது இன்னொன்று. முதலாவது நன்றாக உறைக்கும், ஆனால் விலை அதிகம். இரண்டாவதில் காயம் இல்லை. அதற்கு அவர் காட்டும் ஆள் ரெகுலஸ். ஆப்பிரிக்காவில் கார்த்தேஜை மண்டியிட வைத்துவிட்ட ரோமத் தளபதி. சமாதானம் கேட்டு வந்தவர்களிடம் ஏற்கவே முடியாத நிபந்தனைகளை விதித்தார். கி.மு. 255இல், ஸ்பார்ட்டாவிலிருந்து கூலிக்கு வந்த ஒரே ஒரு போர்வல்லுநர் கார்த்தேஜ் படையைத் திருத்தி அமைக்க, ரெகுலஸ் தோற்று, சுமார் 500 பேரோடு கைதியானார். நேற்று யாருக்கு இரக்கம் காட்டவில்லையோ அவர்களிடமே உயிருக்காக நிற்க வேண்டியதாயிற்று.

பாலிபியஸ் அடிக்கடி சொல்லும் சொல் டூக்கே. நம் கையில் இல்லாத திருப்பம், அதிர்ஷ்டம், விதி எல்லாம் சேர்ந்த சொல். ஆனால் எல்லாவற்றையும் டூக்கே தலையில் கட்டிவிட அவர் விட மாட்டார். தனக்கு முன் எழுதிய ஃபிலார்க்கஸ் என்பவரை அவர் திட்டுவது இதற்காகத்தான்: கூந்தல் அவிழ்ந்த பெண்கள், அழுகின்ற குழந்தைகள் என்று கண்ணீர் வரும்படி எழுதுகிறாய், அது ஏன் நடந்தது என்று சொல்லவே இல்லையே. ஏன், எப்படி, எதற்காக என்பதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கைதட்டல் வாங்கும் கதை, பாடம் இருக்காது என்கிறார். சோக வீடியோ ஒன்றைப் பார்த்து அழுதுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போகிற நமக்கும் சேர்த்துச் சொன்னது போலத்தான் இருக்கிறது.

கி.மு. 146இல் கார்த்தேஜ் எரிந்தபோது பாலிபியஸ் அங்கே இருந்தார். எரித்த ரோமத் தளபதி ஸ்கிப்பியோ அவருடைய மாணவர் மாதிரி. அவர் பாலிபியஸின் கையைப் பிடித்துக்கொண்டு, இது பெருமைக்குரிய நேரம்தான், ஆனால் ஒருநாள் என் ஊருக்கும் இதே உத்தரவை யாரோ கொடுப்பார்களோ என்று பயமாக இருக்கிறது என்றார்.

நீதி எப்போது தனியாகக் கழன்று வந்தது?

கி.மு. முதல் நூற்றாண்டின் டியோடோரஸ், நல்லவர்களைப் புகழ்ந்து கெட்டவர்களை இகழ்வது வரலாற்றின் கடமை என்றே வைத்துக்கொண்டார். புளூட்டார்க், நான் எழுதுவது வரலாறு இல்லை, வாழ்க்கைக் கதை என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, பெரிய போர்களை விட ஒரு சின்னப் பேச்சோ விளையாட்டோ ஒருவரின் குணத்தைக் காட்டிவிடும் என்றார். ரோமில் வலேரியஸ் மாக்சிமஸ் என்பவர், வீரம் ஒரு தலைப்பு, நன்றி இன்னொரு தலைப்பு என்று சம்பவங்களைப் பிரித்து அடுக்கித் தொகுத்தே கொடுத்துவிட்டார். மேடைப் பேச்சாளர்களுக்கு வசதி. ஆனால் கதை தன் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து பிரிந்துவிட்டது. நம் கைக்கு வருகிற மேற்கோள் படங்கள் எல்லாம் இந்த வழியின் கடைசிப் பிள்ளைகள்.

அதனால் இனி ஒரு கிரேக்க மேற்கோளைப் பார்த்தால், இதை யார் யாரிடம் பேசுகிறார், இதற்கு அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் தேடிப் பாருங்கள். பழகிப் பார்க்க ஹெரோடோட்டஸின் கடைசிப் பக்கத்தையே தருகிறேன்.

போர் முடிந்துவிட்டது, பாரசீகர்கள் ஓடிவிட்டார்கள். ஹெல்லஸ்பாண்ட் கரையில், செர்க்ஸீஸ் பாலம் கட்டிய அதே இடத்தில், ஒரு கோவிலைக் கொள்ளையடித்த பாரசீக அதிகாரி ஆர்ட்டாயிக்டஸை ஏதென்ஸ்காரர்கள் உயிரோடு பலகையில் வைத்து ஆணி அடிக்கிறார்கள். அவன் கண் முன்னாலேயே அவன் மகனைக் கல்லால் அடித்துக் கொல்கிறார்கள். அங்கே தளபதியாக இருந்தவர் சாந்திப்பஸ், பெரிக்ளீஸின் அப்பா. ஹெரோடோட்டஸ் இதை எழுதிய காலத்தில் ஏதென்ஸ் கடல் முழுவதும் கப்பம் வாங்கும் பேரரசாகிவிட்டிருந்தது.

உடனே கதை பல வருஷம் பின்னால் தாவுகிறது. ஆணியடிக்கப்பட்டவனின் மூதாதை ஒருவரின் யோசனையைப் பாரசீகர்கள் சைரஸிடம் கொண்டுபோகிறார்கள்: நமக்கு இப்போது அதிகாரம் இருக்கிறது, இந்தக் கரடுமுரடான நிலத்தை விட்டு நல்ல நிலத்துக்குக் குடிபோகலாமே. சைரஸ் சொல்கிறான்: போங்கள், ஆனால் இனி ஆள்பவர்களாக இருக்க மாட்டீர்கள், ஆளப்படத் தயாராகிக்கொள்ளுங்கள், மென்மையான நிலத்தில் மென்மையான மனிதர்கள்தான் பிறப்பார்கள், அருமையான விளைச்சலும் போர்வீரர்களும் ஒரே மண்ணிலிருந்து வருவதில்லை. அவன் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டு போகிறார்கள், சமவெளியை உழுது அடுத்தவனுக்கு அடிமையாக இருப்பதை விடக் கரட்டு நிலத்தில் இருந்து ஆள்வதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ்.

அதற்குப் பிறகு வரி எதுவும் இல்லை. ஒன்பது நூல்களும் அங்கேயே நின்றுவிடுகின்றன.